1961 தகுதிச் சான்றில் ‘38ஆம் பிரிவு’ இருப்பது சரியா?

கடலூரில் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்த தங்கள் தாத்தா 1961இல் ஒரு லாரிக்குக் கையெழுத்திட்ட தகுதிச் சான்றில் (வாகனம் சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று, எஃப்.சி.) ‘38ஆம் பிரிவு’ என்றிருப்பது சரியே. அது 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் தகுதிச் சான்று குறித்த பிரிவு.

38ஆம் பிரிவு வேறொன்றைப் பற்றியது என்று தங்களுக்குத் தோன்றியிருந்தால், தாங்கள் ஒப்பிட்டுப் பார்த்தது 1988ஆம் ஆண்டுச் சட்டமாக இருக்கக்கூடும். 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தில் 38ஆம் பிரிவு நடத்துநர் உரிமம் தொடர்பானது, எஃப்.சி. 56ஆம் பிரிவுக்கு மாறிவிட்டது. மோட்டார் வாகன அலுவலர்களை மாநில அரசு நியமிப்பதற்கான பிரிவும் இவ்வாறே இடம் மாறியது: 1956ஆம் ஆண்டுத் திருத்தம் பழைய சட்டத்தில் 133-ஏ எனச் சேர்த்ததைப் புதிய சட்டத்தில் 213ஆம் பிரிவாகக் காணலாம். தாத்தாவின் நியமன ஆணை கையில் இருந்தால், அதில் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டுள்ளது என்பதையும் பாருங்கள்.

அடுத்து, சான்றில் உள்ள முத்திரையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மாநிலத்தின் பெயர் ‘மெட்ராஸ்’ என்றும், மாவட்டம் ‘தென்னார்க்காடு’ என்றும் இருக்க வேண்டும். ‘தமிழ்நாடு’ என்ற பெயர் 1969இலும், தனிக் கடலூர் மாவட்டம் 1993இலும்தான் வந்தன. அவற்றில் ஒன்று முத்திரையில் இருந்தால் அந்தத் தாள் பிற்காலத்தியது.

தங்களிடம் உள்ள புதுச்சேரித் தாள்களுக்கு மட்டும் இந்த அளவுகோலை அப்படியே பொருத்த வேண்டாம். 1954 நவம்பர் 1 வரை அங்கு நடந்தது பிரெஞ்சு நிர்வாகம்.