கடலிலிருந்து 320 மீட்டர் என்றால் வீடு கட்டலாமா?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டிய ஒரு கிராமத்தில் ஐந்து சென்ட் மனைக்கு இரண்டு லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். பழைய சவுக்குத் தோப்பைப் பிரித்துப் போட்ட மனைகள். கடல் 320 மீட்டர் தூரம் என்று புரோக்கர் செல்போனில் அளந்து காட்டினார். மனைக்குப் பின்னால் 40 மீட்டரில் பக்கிங்காம் கால்வாய். பணி ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் தங்குவதற்கு, தரைத்தளமும் மேலே இரண்டு மாடியுமாக மொத்தம் 2,400 சதுர அடி கட்ட நினைக்கிறோம். "200 மீட்டருக்கு அப்பால் என்றால் தொல்லையே இல்லை, அதையும் இப்போது 50 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். சி.ஆர்.இசட். (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) என்.ஓ.சி.யை, அதாவது தடையில்லாச் சான்றை, மூன்று லட்சத்தில் நானே வாங்கித் தருகிறேன்" என்கிறார். கிரயம் முடிக்கலாமா?

பதில்: கிரயத்தை நிறுத்தி வையுங்கள். அந்த மூன்று லட்சத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 320 மீட்டர். உங்கள் புரோக்கர் அலை நுரைக்கும் இடத்திலிருந்து மனை வரை போனில் விரலை இழுத்துக் காட்டியிருப்பார். எல்லாரும் அப்படித்தான் காட்டுகிறார்கள். சட்டம் அங்கிருந்து அளப்பதில்லை, உயர் அலைக்கோட்டிலிருந்து அளக்கிறது. அமாவாசை, பௌர்ணமியையொட்டி வரும் பெரிய ஓதத்தில் தண்ணீர் நிலத்தில் எதுவரை ஏறுகிறதோ, அதுதான் அந்தக் கோடு. அதை நீங்களோ நானோ கரையில் நின்று முடிவு செய்ய முடியாது. அரசு வரையறுத்து, வரைபடத்தில் போட்டு வைத்திருக்கிறது. கரையில் மணல் அகலமாகக் கிடந்தால், உங்கள் 320 அந்த மணலிலேயே கணிசமாகக் கரைந்துவிடும்.

ஆனால் தூரம் இரண்டாவது கேள்விதான். உயர் அலைக்கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை எல்லாமே கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அதற்குள் உங்கள் சர்வே எண் எந்த வகையில் விழுகிறது என்பதுதான் முதல் கேள்வி. அலையாத்திக் காடு, மணல் மேடு, ஆமை முட்டையிடும் கரை போன்றவை முதல் வகை. அங்கே வீட்டை மறந்துவிட வேண்டியதுதான். ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகரப் பகுதி இரண்டாவது. கிராமப்புறம் மூன்றாவது. நான்காவது தண்ணீர்ப் பரப்பு. உங்களுடையது மூன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் சவுக்குத் தோப்பு என்று படித்ததும் எனக்கு மணல் மேடுதான் நினைவுக்கு வந்தது. நம் கரையில் சவுக்கை எங்கே நட்டார்கள் என்று ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். மேட்டைச் சமன்படுத்திக் கல் நட்டிருந்தால், அந்தச் சமன்படுத்தலே விதிமீறல்.

சரி, மூன்றாவது வகை என்றே வைத்துக்கொள்வோம். மத்திய அரசின் 2011 சி.ஆர்.இசட். அறிவிக்கையின்படி முதல் 200 மீட்டர் வளர்ச்சி தடை செய்யப்பட்ட பகுதி. 200-க்கும் 500-க்கும் இடையே வீடு கட்டலாம் என்று புரோக்கர் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் சொல்ல மாட்டார். அங்கே அனுமதிப்பது, மரபு உரிமைக்கும் வழக்கமான பயன்பாட்டுக்கும் உட்பட்ட குடியிருப்பை. மீனவர் கிராமம், பழைய ஊர்க் குடியிருப்பு போன்றவற்றை. உயரம் ஒன்பது மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தரைத்தளமும் ஒரு மாடியும்தான். உங்கள் இரண்டாவது மாடி இங்கேயே போய்விட்டது. நேற்று வரை தோப்பாக இருந்த இடத்தில் வெளியூர்க்காரர் புதிதாகக் கட்டும் வீடு 'மரபு உரிமை'க்குள் எப்படி வரும் என்று அதிகாரி கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அப்போது புரோக்கர் போனை எடுக்க மாட்டார்.

50 மீட்டர் கதைக்கு வருகிறேன். அது 2019 அறிவிக்கையில் இருப்பது உண்மை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமப்புறத்துக்கு மட்டும்தான் அது. மற்ற இடங்களில் அதே 200. அதோடு, புதிய விதிப்படி திருத்திய கடலோர மேலாண்மை வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான் அந்தச் சலுகை அந்தப் பகுதிக்குப் பொருந்தும். எனவே எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "என் சர்வே எண்ணுக்கு எந்த ஆண்டு வரைபடம் நடப்பில் இருக்கிறது?" என்பதை முதலில் கேளுங்கள்.

இப்போது 300 சதுர மீட்டர் விலக்கு. இதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் புரோக்கர் அடுத்து இதைத்தான் எடுப்பார், அதனால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். சொந்தமாகக் குடியிருக்கும் வீடு, மொத்தக் கட்டடப் பரப்பு 300 சதுர மீட்டர், அதாவது சுமார் 3,230 சதுர அடிக்குள் இருந்தால், கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரை இல்லாமல் உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரலாம். உங்கள் 2,400 அதற்குள் அடங்கும். உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். இந்த விலக்கு ஒரு மேசையைத்தான் குறைக்கிறது, விதியைக் குறைக்கவில்லை. 200 மீட்டர், ஒன்பது மீட்டர் உயரம், மரபு உரிமை எல்லாம் அப்படியே நிற்கும். அவற்றைப் பார்த்துத்தான் உள்ளாட்சி அனுமதி தர வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. 'சொந்தமாகக் குடியிருக்கும்' என்ற சொல்லையும் கவனியுங்கள். வார இறுதி வாடகை வில்லா அதில் வராது. ஒரே ஆள் பக்கத்துப் பக்கத்து மனைகளில் நான்கு வீடு கட்டி விற்பதும் வராது. அப்புறம், உள்ளாட்சி பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டால்? கொச்சி மரடில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு 2006-இல் பஞ்சாயத்து கொடுத்த அனுமதி இருந்தது. கடலோர ஆணையத்தின் அனுமதி இல்லை. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் வெடிவைத்து இடித்தார்கள். பஞ்சாயத்து முத்திரை ஒரு செங்கல்லைக்கூடக் காப்பாற்றவில்லை.

இணையத்தில் உடனே கிடைக்கும் சுயசான்று அனுமதிக்கும் இதே கதைதான். அதில் உறுதிமொழி கொடுப்பது நீங்கள். தவறென்றால் மாட்டுவதும் நீங்கள். 'டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவ்டு' என்ற பலகையும் சி.ஆர்.இசட். அனுமதி ஆகாது.

என்.ஓ.சி. என்று என்ன தருவார்கள் தெரியுமா? சென்ற வருடம் ஒருவர் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகக் கொண்டுவந்து காட்டினார். கால் பக்கக் கடிதம். மேற்படி சர்வே எண் கடலிலிருந்து சுமார் 400 மீட்டரில் உள்ளது என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதி, முத்திரை வைத்திருந்தார். அவ்வளவுதான். எதற்கும் தடையில்லை என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தத் தாளுக்கு அவர் கொடுத்த விலையை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அபராதம் கட்டினால் முடிந்துவிடும் என்றும் சொல்வார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அபராதம் கட்டியதால் வீடு சட்டபூர்வமாகிவிடாது.

கால்வாயை மறந்துவிடாதீர்கள். உங்கள் மனைக்கு ஆபத்து முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் அதிகம் என்று எனக்குப் படுகிறது. அலையேற்றம் உள்ள கால்வாய், கழி ஆகியவற்றின் கரையிலும் தடைப் பட்டை உண்டு: 2011-இன்படி 100 மீட்டர், 2019-இன்படி 50 மீட்டர், அல்லது கால்வாயின் அகலம், இதில் எது குறைவோ அது. கால்வாய் அங்கே 60 மீட்டர் அகலம் என்றால், 40 மீட்டரில் உள்ள உங்கள் மனை இரண்டு கணக்கிலும் மாட்டும். 30 மீட்டர்தான் என்றால் தப்பும். அலையேற்றம் எதுவரை என்பதை, ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரின் உப்பு ஆயிரத்தில் ஐந்து பங்கு உள்ள இடம் வரை என்று வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர்? 200-க்கும் 500-க்கும் இடையே, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில், குடிக்கவும் தோட்டத்துக்கும் சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைத்துக்கொள்ளலாம். மனை விளம்பரத்தில் போர்வெல் படம் இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இது. விற்பவரிடம் சர்வே எண், உட்பிரிவு எண், புல வரைபட நகல் வாங்குங்கள். மாநில சுற்றுச்சூழல் துறை வரைபடங்களை இணையத்தில் போட்டிருக்கிறது. திறந்து பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி முடிவு எடுக்காதீர்கள். மீனவரும் சின்ன மனைக்காரரும் பார்க்க வேண்டிய ஒன்றை ஆங்கிலக் குறிப்புகளோடு, பெரிதாக்கினால் எண்கள் மங்கும்படி எப்படித்தான் போடுகிறார்களோ! அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனத்தில் கட்டணம் செலுத்தினால், உங்கள் சர்வே எண்ணை 1:4000 அளவு வரைபடத்தில் பொருத்தி அறிக்கை தருவார்கள். மனையின் ஒரு மூலை மட்டும் தடைப் பட்டைக்குள் விழுவதும் அதில்தான் தெரியும். கூடவே பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு தகவல் உரிமை மனு போட்டு, வகை, நடப்பு வரைபடம், இந்த மனைப்பிரிவுக்கு சி.ஆர்.இசட். அனுமதி கேட்கப்பட்டதா என்ற மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ஊராட்சி ஒன்றியத்தில் கேட்டால் கலெக்டர் அலுவலகம் என்பார்கள், அங்கே போனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்பார்கள், அவர்கள் திரும்ப ஊராட்சி என்பார்கள். அந்தச் சுற்றில் உங்கள் காலை ஒடிப்பதைவிடத் தபால் செலவு மலிவு.

முன்பணத்துக்கு ஒப்பந்தம் எழுதியிருக்கிறீர்களா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே எழுதி வாங்குங்கள்: மனை தடைப் பகுதியில் இருப்பதாகத் தெரிந்தாலோ, வீட்டு அனுமதி மறுக்கப்பட்டாலோ, இரண்டு லட்சமும் இத்தனை நாளுக்குள் திரும்ப வர வேண்டும் என்று. கையெழுத்துப் போட வேண்டியவர் நிலத்தின் உரிமையாளர், புரோக்கர் இல்லை.