புதுவை விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையில் ஐந்து மாடி கட்டுகிறோம். கட்டட உயரத்துக்கு மட்டும் விமான நிலைய அனுமதி போதுமா, கிரேனுக்கும் பார்க்க வேண்டுமா?

கிரேனுக்கும் கட்டாயம் பார்க்க வேண்டும். புதுவையில் பல ஆண்டுகள் சைட் இன்ஜினீயராக நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் ஆட்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான்.

முதலில் உயரம் என்றால் என்ன என்று தெளிவாகிவிட வேண்டும். நாம் தரையிலிருந்து அளக்கிறோம். விமான நிலைய ஆணையம் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறது. லாஸ்பேட்டை மேட்டுப் பகுதி, கடற்கரைச் சாலையோ தாழ்வு. ஒரு பேச்சுக்கு, உச்சி 70 மீட்டரைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனை 35 மீட்டர் மட்டத்தில் இருந்தால் உங்களுக்கு மிஞ்சுவது 35 மீட்டர்தான். 5 மீட்டர் மட்டத்தில் இருப்பவருக்கு 65 மீட்டர் கிடைக்கும். இந்த 35 மீட்டருக்குள்தான் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, இடிதாங்கி, செல்போன் ஆன்டெனா எல்லாம் அடங்க வேண்டும்.

ஓடுபாதையை ஒட்டி வந்தால் அளவு இன்னும் இறுகும். பக்கவாட்டில் கட்டடம் தாண்டக்கூடாத, கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு, 7 மீட்டர் தள்ளிப் போனால் 1 மீட்டர் என்று ஏறும். ஓடுபாதைப் பட்டையின் (ஓடுபாதையைச் சுற்றிக் காலியாக விடும் இடத்தின்) ஓரத்திலிருந்து 70 மீட்டர் தள்ளியிருந்தாலும் 10 மீட்டர்தான். விமானம் இறங்கி வரும் திசையில் 50-க்கு 1 என்று இன்னும் தட்டையாகக் கிடக்கும்.

இனி கிரேன். எங்கள் சைட் ஒன்றில் கட்டடம் அளவுக்குள்தான் இருந்தது. லிஃப்ட் மோட்டாரை மொட்டைமாடிக்கு ஏற்ற வந்த மொபைல் கிரேனின் பூமை, அதாவது தூக்கும் நீண்ட கையை, நீட்டினால் உச்சி அளவைத் தாண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. நல்லவேளையாக, தூக்குவதற்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்த்து நிறுத்தினோம். மோட்டாரைப் பிரித்து ஏற்றியதில் இரண்டு நாள் போயிற்று. அந்த இரண்டு நாளுக்காக நான் வருந்தவே இல்லை.

டவர் கிரேன் என்றால் இன்னும் கவனம். வேலை முடிந்ததும் அதன் கையைக் காற்றோடு சுற்றவிடுவார்கள். ஆகவே கம்பம் நிற்கும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது, கை சுற்றும் வட்டம் முழுவதையும் பார்க்க வேண்டும்.

2013 ஜனவரி 16 அன்று லண்டன் வாக்ஸால் பகுதியில் பனிமூட்டத்தில் ஒரு ஹெலிகாப்டர் டவர் கிரேனில் மோதியது. விமானியும் தெருவில் நடந்து போனவர் ஒருவரும் இறந்தார்கள். அந்தக் கிரேன் அங்கே நிற்பது பற்றி விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பும் போயிருந்தது. மார்கழிப் பனியில் நம் ஊர் காலையை நினைத்துப் பாருங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். 2015 செப்டம்பரில் வந்த உயரக் கட்டுப்பாட்டு விதிகள்தான் அடிப்படை. உங்கள் மனை, எந்த இடத்தில் எவ்வளவு உயரம் வரை கட்டலாம் என்று நிறத்தால் காட்டும் வண்ண மண்டல வரைபடத்தில் எந்த நிறத்தில் விழுகிறது என்று பிளானிங் அத்தாரிட்டியில் கேளுங்கள். அளவு மீறும் என்று தோன்றினால் விமான நிலைய ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மனையின் தரைமட்டத்தையும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் நல்ல சர்வேயரை வைத்து எடுங்கள். போன் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். கிரேன் வாடகை பேசும்போதே, பூம் முழுதாக நிமிர்ந்தால் எத்தனை மீட்டர் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.