தரையில் உட்காராத சக்கரம்

1/35 (நிஜ வண்டியில் 35-ல் ஒரு பங்கு) ராணுவ வண்டி மாடல்களுக்குத் தனியாக வாங்கிப் போடும் ரெசின் (அச்சில் ஊற்றி வார்க்கும் பிளாஸ்டிக்) சக்கரங்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே சங்கதியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: கிட்டிலேயே டயர் வருகிறதே? அதை விட்டுவிட்டு ரெசின் செட்டுக்கு எதற்குக் காசு?

டயரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். அழிரப்பர் மாதிரி அமுங்கினால் அது வினைல். அந்த மென்மையைத் தருவது உள்ளே கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர். அது வருடக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் ரிம்மை இளக்கிவிடும். அலமாரியில் பத்திரமாக வைத்த வண்டியின் ரிம் ஒருநாள் டயரோடு சேர்ந்து பிசுபிசுத்து நிற்பது இதனால்தான். எல்லா வினைலும் இப்படிச் செய்யாது. ஆனால் எது செய்யும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல வழியில்லை. பெயின்ட்டும் அதில் நிற்காது, வளைத்தால் வெடிக்கும். வினைல் என்றால் மாற்றிவிடுங்கள்.

கெட்டி பிளாஸ்டிக் டயர் என்றால் யோசிக்கலாம். இரண்டு பாதியாக வருவதை ஒட்டும்போது இணைப்புக் கோடு டயர் பட்டனின் (தரையைப் பிடிக்கும் மேடுபள்ளம்) நட்டநடுவில் ஓடும். இரும்பு அச்சிலிருந்து பாகம் நேராகக் கழன்று வர வேண்டும் என்பதால் பட்டனின் பக்கவாட்டுப் பள்ளங்களும் மழுங்கிப்போகும். ரெசினை வார்ப்பது சிலிக்கோன் ரப்பர் அச்சில். அச்சே வளைந்து கொடுப்பதால் பள்ளம், டயரின் பக்கச் சுவரில் உள்ள எழுத்து எல்லாம் ஒரே துண்டில் வந்துவிடும். நீங்கள் காசு கொடுப்பது அதற்கு. வண்டியை ஆக்ஸில் வரை சேற்றில் முக்கி எடுக்கப்போகிறீர்கள் என்றால் கிட் டயரே போதும். சேற்றுக்குள் இருக்கும் எழுத்தை யாரும் படிக்கப்போவதில்லை.

கேள்வி: வில்லிஸ் எம்பி ஜீப்புக்கு ‘ஜீப் வீல்’ என்று போட்டிருந்த செட்டை வாங்கினேன். டயர் பருமனாகவும் வண்டி உயரமாகவும் தெரிகிறது. தப்பு எங்கே?

செட்டில் குறை இருக்காது, அது வேறு ஜீப்புக்கானதாக இருக்கும். இரண்டாம் உலகப் போர் கால வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ இரண்டுக்கும் டயர் அளவு 6.00-16. 1950-ல் வந்த எம்38-க்கு 7.00-16. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். ரிம் ஒன்றேதான், அதன் மேல் ஏறியிருக்கும் ரப்பர்தான் பெருத்துவிட்டது. 6.00-16 டயரின் வெளிவிட்டம் 28 அங்குலத்துக்குச் சற்று மேல். அதை 25.4-ஆல் பெருக்கி 35-ஆல் வகுத்தால் 20.5 முதல் 21 மி.மீ.க்குள் வரும். வெர்னியரில் அளந்து பாருங்கள். 21-ஐத் தாண்டினால் அது உங்கள் ஜீப்புக்கு ஆகாது.

ரிம்மையும் கவனியுங்கள். தொடக்க காலத்து எம்பிகளில் சாதாரணத் தட்டு ரிம். பிறகு வந்தது காம்பாட் ரிம், அதாவது இரண்டு பாதிகளைச் சுற்றிலும் நட்டு போட்டு இறுக்கியது. இரண்டுக்கும் தனித்தனி செட் உண்டு. நீங்கள் பார்த்துச் செய்யும் புகைப்படத்தில் நட்டு வளையம் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

அமெரிக்க ராணுவ வண்டியான ஹம்வீ கட்டுபவர்களுக்கும் இதே வம்பு. முதலில் வந்த பயாஸ் டயர் 36 அங்குலம், பின்னாளில் வந்த ரேடியல் 37 அங்குலம். 1/35-ல் 26.1, 26.9 மி.மீ. முக்கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் பட்டன் அமைப்பே வேறு. 1991 வளைகுடாப் போர் வண்டிக்கு ரேடியல் போட்டால் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

கேள்வி: வார்ப்புக் கட்டையை அறுக்கும்போது டயரின் பட்டன் பெயர்ந்துவிடுகிறது. எப்படி அறுப்பது?

வார்ப்புக் கட்டை என்பது ரெசின் ஊற்றியபோது சக்கரத்தோடு ஒட்டி நின்றுவிட்ட உபரித் துண்டு. அறுப்பதற்கு முன் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நல்ல செட்களில் அது டயர் தரையைத் தொடும் சப்பையான இடத்திலோ, உள்பக்கத்திலோ இருக்கும். சப்பையில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், வெட்டுத் தழும்பு வண்டிக்கு அடியில் மறைந்துவிடும்.

கட்டரால் நறுக்காதீர்கள். ரெசின் நொறுங்கும் சாதி. இரண்டு பக்கமும் நெருக்கினால் வெட்டு போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் டயருக்குள் பிளந்துகொண்டு போகும், உங்களுக்கு நடப்பது அதுதான். மெல்லிய ரேசர் ரம்பம் வேண்டும், தகடு கால் மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சக்கரத்தைக் கையில் பிடிக்காமல் கட்டையைப் பிடியுங்கள். டயரிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி முதலில் சுற்றிலும் ஒரு கோடு போல அறுங்கள். பிறகு ஒரு பக்கம் கொஞ்சம், திருப்பி எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று உள்ளே போங்கள். ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டே போனால் கடைசி ஒரு மில்லிமீட்டர் தானாக ஒடியும். ஒடியும்போது ஒரு பட்டனையும் கூட்டிக்கொண்டு போகும்.

மிச்சமிருக்கும் அரை மில்லிமீட்டருக்கு 240 நம்பர் வாட்டர் பேப்பர், அப்புறம் 600. தாளைக் கண்ணாடி மேல் விரித்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, சக்கரத்தை அதன்மேல் நேராக நிறுத்தித் தேயுங்கள். பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை சக்கரத்தைத் திருப்பிப் பிடியுங்கள். கை எப்போதும் ஒரு பக்கமாகவே அழுத்தும், கவனிக்காவிட்டால் சப்பை சரிவாகிவிடும். உலர்ந்த தேய்ப்பு வேண்டவே வேண்டாம். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. அறுக்கும்போதும் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரஷ்யக் கவச வண்டியான பிடிஆர்-80க்கு எட்டு ரெசின் சக்கரம் போட்டேன். இரண்டு அந்தரத்தில் தொங்குகின்றன, வண்டி ஆட்டம் காண்கிறது.

இந்த மாதம் அதிகம் வந்த கேள்வி இதுதான். உருண்டையான கிட் டயர் எந்தக் கோணத்தில் நின்றாலும் தரையைத் தொடும். ரெசின் சக்கரத்தில் பாரம் ஏறிய டயர் போலக் கீழே சப்பை வார்த்திருக்கிறார்கள். அந்தச் சப்பை ஐந்து டிகிரி திரும்பினாலும் ஓரம் மட்டும் தொட்டு வண்டியைத் தூக்கிவிடும். எட்டில் ஒன்று அப்படித் திரும்பினால் பக்கத்திலிருப்பது தொங்கும்.

ஆகவே ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒட்டுவதற்கு முன், சக்கரத்தின் உள்பக்கத்தில் ஆக்ஸில் துளையிலிருந்து சப்பையின் நடு வரை பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஆக்ஸிலை விட 0.3 மி.மீ. பெரிதாகத் துளை போடுங்கள். இறுக்கமான துளையில் சக்கரம் தானாகச் சரிந்து அமராது. வண்டி உடலை, அடிப்பகுதி சரியான உயரத்தில் நிற்கும்படி, கட்டைகள் மேல் கண்ணாடித் தகட்டில் வையுங்கள். மெதுவாக இறுகும் சாதாரண அரால்டைட் போட்டு முதலில் நான்கு மூலைச் சக்கரங்கள். கோடு நேர் கீழே பார்க்கட்டும், சப்பை கண்ணாடியில் படியட்டும். ஐந்து நிமிட எபாக்ஸி இந்த வேலைக்கு உதவாது. மூன்றாவது சக்கரத்தைத் திருத்துவதற்குள் முதலாவது கல்லாகிவிடும். மறுநாள் நடு நான்கு.

சோதனைக்கு 80 ஜிஎஸ்எம் வெள்ளைத் தாள். அதன் கனம் கிட்டத்தட்ட 0.1 மி.மீ. விரல் அகலத்துக்குக் கிழித்து ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் செருகி இழுங்கள். எட்டிலும் ஒரே மாதிரி பிடித்தால் சரி. ஒன்றில் வழுக்கிக்கொண்டு வந்தால், பசை இறுகும் முன் அதை மட்டும் கீழே தட்டுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பிடிஆர்-80ல் முன்னால் உள்ள நான்கு சக்கரங்களும் ஸ்டியரிங்கோடு திரும்பும். அவற்றைத் திருப்பி வைப்பதானால் முதலில் திருப்பி ஒட்டிவிட்டு, அப்புறம் சப்பையைத் தரைக்குச் சரிசெய்யுங்கள். மேடுபள்ளமான டயோரமாவில் (மாடலை நிறுத்தும் காட்சித் தளம்) நிறுத்தப்போகிறீர்கள் என்றால் கண்ணாடியை மறந்துவிட்டு அந்தத் தரையிலேயே ஒட்டுங்கள்.

கேள்வி: சில செட்களில் டயர் பஞ்சரானது போலச் சப்பையாக இருக்கிறது. அப்படித்தான் இருக்குமா?

சிலர் மிகைப்படுத்தித்தான் வார்க்கிறார்கள். காற்று நிறைந்த டயர் கீழே லேசாகத்தான் புடைக்கும். ஜீப் சக்கரத்தில் நடுமையத்திலிருந்து சப்பை வரை அளந்தால் 10 மி.மீ.யை ஒட்டி வர வேண்டும். 9.5-க்கும் கீழே போனால் காற்று இறங்கிய வண்டி. பிடிஆர் போன்றவற்றில் ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே காற்றைக் குறைக்கும் ஏற்பாடு உண்டு. மணலிலும் சேற்றிலும் அதிகச் சப்பை அவற்றுக்குப் பொருந்தும், தார் ரோட்டில் பொருந்தாது. ஸ்டெப்னியில் சப்பையே இருக்கக் கூடாது. நல்ல செட்டில் அதற்கென்று உருண்டையான சக்கரம் தனியாகத் தந்திருப்பார்கள். ஐந்தில் எது ஸ்டெப்னி என்று பார்க்காமல் அதைக் கீழே மாட்டிவிட்டுப் புலம்புகிறவர்கள் உண்டு.

கேள்வி: ‘வி’ வடிவப் பட்டன் உள்ள டயரில் எந்தப் பக்கம் முன்பக்கம்?

பின்னாலிருந்து பார்த்தால் முனை மேல்நோக்கி, கூரை போலத் தெரிய வேண்டும். அப்போதுதான் முனை முதலில் தரையைத் தொட்டு, சேறு இரண்டு பக்கமும் பிதுங்கி வெளியேறும். டிராக்டர் பின்சக்கரத்தைப் பார்த்தால் புரியும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே வார்ப்பை வலப்பக்கமும் இடப்பக்கமும் போட்டால் ஒரு பக்கத்தில் முனை தலைகீழாகத்தான் நிற்கும். சக்கரத்தை எவ்வளவு சுற்றினாலும் மாறாது. எனவே செட்டில் வல, இடச் சக்கரங்கள் தனித்தனியாக வார்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் கழுவும்போதே இரண்டு கிண்ணங்களில் பிரித்துவிடுங்கள். அமெரிக்க ஜீப்பின் டயரில் இந்தத் தொல்லை இல்லை. அந்தப் பட்டனுக்குப் பெயரே திசையற்றது என்பதுதான்.

கேள்வி: அடித்த பெயின்ட் மாஸ்கிங் டேப்போடு உரிந்து வருகிறது.

அச்சிலிருந்து கழற்ற எண்ணெய் மாதிரி ஒரு பொருள் தடவுவார்கள், அது போகவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் பட்டன் இடுக்கெல்லாம் தேயுங்கள். காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒருமுறை துடைத்து, அப்புறம் லாக்கர் பிரைமர். கொதிக்கும் தண்ணீரில் போடாதீர்கள், சக்கரம் கோணிக்கொள்ளும். நிறத்துக்குச் சுத்தக் கருப்பு வேண்டாம். டாமியா எக்ஸ்எஃப்-85 ரப்பர் பிளாக், அதில் சற்றே மண்நிறம் கலந்தால் ஓடிய டயர்.

கேள்வி: பிளாஸ்டிக் சிமென்ட்டில் ஒட்டவில்லை. ஃபெவிக்விக் போட்டேன், கைபட்டதும் கழன்றுவிட்டது.

பிளாஸ்டிக் சிமென்ட் பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டுவது, ரெசினை அது தொடாது. ஃபெவிக்விக் நேராக இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் தட்டினால் விட்டுவிடும். சக்கரம் எப்போதும் பக்கவாட்டில்தான் அடிபடும். 1 மி.மீ. பித்தளைக் கம்பியை ஆக்ஸிலிலும் சக்கரத்திலும் 4 மி.மீ. ஆழம் இறக்கி எபாக்ஸி போடுங்கள். ரெசின் கனமானது, ஆக்ஸில் வளைந்துவிடும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அடர்த்தியில் ரெசினும் பாலிஸ்டைரீனும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிட் சக்கரம் உள்ளே கூடு, இது திடம். கனம் அதனால் வருகிறது, அதற்கும் கம்பிதான் மருந்து.

கேள்வி: ஒரு சக்கரம் தொலைந்துவிட்டது. மீதியிலிருந்து நானே வார்த்துக்கொள்ளலாமா? முயன்றபோது உள்ளெல்லாம் நுரையாக வந்தது.

சொந்த வண்டியில் தொலைந்த ஒன்றுக்கு வார்த்துக்கொள்ளுங்கள். நகலெடுத்து விற்பது திருட்டு. நுரைக்குக் காரணம் ஈரம். பாலியூரித்தேன் ரெசினின் ஒரு பாகம் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். மழைக்காலத்தில் திறந்து வைத்த டப்பா அடுத்த முறை சோடா மாதிரி பொங்கும். டப்பாவைத் திறந்த கையோடு மூடுங்கள், கலக்கும் குச்சிக்கு மரம் வேண்டாம், அதிலும் ஈரம் இருக்கும். பிளாட்டினம் வகை சிலிக்கோன் வாங்கியிருந்தால் அச்சுக்கு அணை கட்டும் களிமண்ணில் கந்தகம் இருக்கக் கூடாது. இருந்தால் தொட்ட இடத்தில் சிலிக்கோன் இறுகாமல் கூழாகவே நிற்கும். 3டி பிரின்ட் சக்கரத்தை மூலமாக வைத்தாலும் இதே கதி.

ஒன்றிரண்டு ஊசித்துளை மட்டும் என்றால் மறுபடி வார்க்க வேண்டாம். டால்கம் பவுடரை ஃபெவிக்விக்கில் குழைத்து ஊசி முனையால் வையுங்கள். சமையல் சோடாவும் ஆகும், ஆனால் அது ரெசினை விடக் கெட்டியாகிவிடும். அரை மணிக்குள் தேய்க்காவிட்டால் சுற்றியுள்ள டயர்தான் தேயும்.

கேள்வி: சோவியத் டாங்கியான டி-34க்கு ரெசினில் இரும்புச் சக்கரம் வாங்கினேன். எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். 1942 வாக்கில் ரப்பர் தட்டுப்பாட்டால் வந்தவை அந்தச் சக்கரங்கள். பல வண்டிகளில் அதிர்ச்சி அதிகம் வாங்கும் முதல் இடத்திலும் ஐந்தாம் இடத்திலும் ரப்பர் சக்கரம், நடு மூன்றில் இரும்பு. ஓர் இடத்துக்கு இரட்டைத் தட்டு, எனவே இரு பக்கமும் சேர்த்து 12 இரும்பு, 8 ரப்பர். ரப்பர் சக்கரத்தின் விட்டம் 830 மி.மீ., 1/35-ல் 23.7. ரெசின் தட்டுகளையும் கிட் தட்டுகளையும் அடுத்தடுத்து வெர்னியரில் அளங்கள். 0.2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், செயின் மாட்டும் முன் சிறிய தட்டு வரும் இடத்தின் சஸ்பென்ஷன் கையை அந்த வித்தியாசத்தில் பாதி அளவுக்குக் கீழே இறக்கி ஒட்டுங்கள்.