ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பாதி பாதியாகக் கலக்கலாமா?

கேள்வி: ஒன்றரை வயது மகனுக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. ஒரு லிட்டர் கரைத்தால் வீணாகிறது என்று, டம்ளருக்கு ஒரு ஸ்பூன் ஓ.ஆர்.எஸ். தூள் போட்டுக் கொடுக்கிறேன். சரியா? பேதி நின்றதும் ஜிங்க் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். 20.5 கிராம் பாக்கெட்டில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம் இருக்கின்றன. ஒரு ஸ்பூன் அள்ளினால் இவை அதே விகிதத்தில் வரும் என்று சொல்ல முடியாது. தண்ணீரின் அளவும் கைக்கு வந்தபடி ஆகிவிடும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியை ஊற்றிவிடுங்கள். வீணாவது மனசுக்கு ஒப்பவில்லை என்றால் 200 மில்லிக்கான சிறிய பாக்கெட் வாங்குங்கள்.

விகிதம் ஏன் முக்கியம்? குடல் சுவரில் உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகின்றன. தண்ணீர் அவற்றின் பின்னால் போகிறது. பேதியின்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. 1971இல் மேற்கு வங்க எல்லையில் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை வைத்துத்தான் எத்தனையோ உயிர்களைக் காத்தார். சர்க்கரை கூடினால் குடலுக்குள் தண்ணீர் இழுக்கப்பட்டு பேதி அதிகமாகும். அதனால்தான் பாட்டில் ஜூஸும் குளிர்பானமும் கூடாது. உப்பு கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறும், அது குழந்தைக்கு ஆபத்து. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் பழைய கரைசலில் உப்பு, சர்க்கரையின் அடர்த்தியைக் குறைத்ததில், பேதியும் வாந்தியும் குறைந்தன. டிரிப்ஸ் ஏற்றும் தேவையும் குறைந்தது.

ஒவ்வொரு முறை போனபிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது, இழந்த நீரை ஈடுகட்டும். "இன்னும் போகிறதே" என்று கொடுப்பதை நிறுத்துவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. தாய்ப்பால், கஞ்சி, இட்லி எல்லாம் வழக்கம்போல் கொடுக்கலாம்.

ஜிங்க் 20 மில்லிகிராம், தினமும் ஒன்று, 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் முடித்துவிடுங்கள். அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு மறுபடி பேதி வரும் வாய்ப்பை அது குறைக்கிறது.

கண் குழிந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், குழந்தை துவண்டு குடிக்கவே முடியாமல் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். போகும் வழியிலும், விழுங்க முடிந்தவரை கரைசலைக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.