ராணுவமா, பணமா?

கேள்வி: வளரும் நாடு ஒன்று வல்லரசாக முதலில் எது வேண்டும்? ராணுவமா, பணமா?
- கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: இரண்டுக்கும் முன்னால் பள்ளிக்கூடம் என்பேன். ஒரு நாட்டின் எதிர்காலத்தைக் கணிக்கச் சொன்னால், ஐந்தாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் தடுமாறாமல் வாசிக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சோவியத் யூனியன் 1957-ல் உலகின் முதல் செயற்கைக்கோளை ஏவியது. அணு ஆயுதங்களைக் குவித்தது. ஆனால் சாதாரணப் பொருட்களுக்கே மக்கள் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். 1991-ல் அந்த நாடே இல்லாமல் போனது.

சரி, தென் கொரியா? 1953-ல் வட கொரியாவுடனான போர் ஓய்ந்தபோது ஊரெல்லாம் இடிபாடு. சொல்லிக்கொள்ளும்படி கனிம வளமும் இல்லை. முதலில் எல்லாக் குழந்தைகளுக்கும் தொடக்கக் கல்வி கொடுத்தார்கள். அப்புறம் துணி, விக் ஏற்றுமதி. 1973-ல் போஹாங் நகரில் உருக்காலை ஓடத் தொடங்கியது. பிறகு கப்பல், கார், கணினியிலும் கைபேசியிலும் தகவலைச் சேமிக்கும் மெமரி சிப். 1996-ல் பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடியில் சேர்ந்தார்கள். தென் கொரியாவை யாரும் வல்லரசு என்று சொல்வதில்லைதான். ஆனால் அதன் சிப் வராவிட்டால் வல்லரசுகளின் தொழிற்சாலைகளே திணறும். எனக்கு அந்தப் பலம்தான் பெரிதாகப் படுகிறது.

சீனா 1978-ல் பொருளாதாரச் சீர்திருத்தத்தைத் தொடங்கியபோதும், எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளர்கள் அங்கே கோடிக்கணக்கில் தயாராக இருந்தார்கள். 2010-ல் ஜப்பானை முந்தி உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரமானது.