முடக்கத்தான் கீரை மூட்டு வீக்கத்தைக் குறைக்கும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா?

உண்டு, ஆனால் பெரும்பாலும் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும்தான். என் அம்மாவுக்கு முடக்கு வாதம். எம்.எஸ்சி. படிக்கும்போது இந்தத் தட்டுச் சோதனையை நானே செய்தும் இருக்கிறேன். அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

வீங்கிய மூட்டுக்குள் மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். முடக்கு வாதத்துக்குப் போடும் விலை உயர்ந்த ஊசிகளில் சில அதைத் தடுப்பவைதான். முடக்கத்தானை எத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாறு, சுண்டெலியின் மேக்ரோபேஜ் செல்களில் இதே டி.என்.எஃப். ஆல்ஃபாவையும், வலிமாத்திரைகள் குறிவைக்கும் காக்ஸ்-2 நொதியையும் குறைத்ததாக 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. பாட்டிமார் சொன்னது வெறும் நம்பிக்கை இல்லை என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சோதனை இப்படித்தான் நடக்கும். 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் செல்களை வளர்த்து, பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்த எல்.பி.எஸ். என்ற பொருளைச் சேர்ப்போம். கிருமி வந்துவிட்டது என்று செல்கள் கொந்தளித்து நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும். மறுநாள் அதைக் காட்டிக்கொடுக்கும் கிரீஸ் (Griess) கரைசலை ஊற்றினால் அந்தக் குழி நல்ல ரோஸ் நிறமாகும். மூலிகைச் சாறும் சேர்த்த குழி வெளிறியிருந்தால் அழற்சி அடங்கியிருக்கிறது என்று கணக்கு. ஆனால் செத்துப்போன செல்லும் நைட்ரிக் ஆக்சைடு விடாதே! அதனால் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். அதைப் பார்க்காமல் வெளிறிய குழியை மட்டும் காட்டும் ஆய்வை நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்று, தட்டில் சாறு நேராகச் செல்லின் மேலேயே படுகிறது. நாம் தின்னும் கீரை குடலையும் கல்லீரலையும் தாண்டி முழங்காலுக்குப் போக வேண்டும். மஞ்சளின் குர்குமினே ரத்தத்தில் மிகக் குறைவாகத்தான் சேர்கிறது. சரி, அப்புறம் கீரை வேண்டாமா என்றால், தாராளமாகச் சாப்பிடுங்கள். எங்கள் வீட்டில் ஊறின அரிசியோடு இரண்டு கைப்பிடி இலையை அரைத்து, புளித்ததும் தோசையாக ஊற்றுவோம். லேசாகக் கசக்கும், பூண்டுச் சட்னி தொட்டுக்கொண்டால் தெரியாது. கீரையை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், தேய்ந்துபோன மூட்டு திரும்ப வளராது. அம்மா வாரம் ஒருமுறை முடக்கு வாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைத் தவறாமல் போடுகிறார். ஞாயிறு காலை தோசையும் உண்டு.