‘மோடத்தை அணைத்துவிட்டுப் போடுங்கள்’ என்பதைத் தவிர இணையச் சேவைக்காரர்களுக்கு வேறு பதிலே தெரியாதா? உங்களுக்கு அப்படி அனுபவம் உண்டா?

உண்டு. எட்டு நாள் அனுபவம்.

கேள்வி கேட்டவர் நகரத்து அடுக்ககத்தில் குடியிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஒரு நிறுவனம் சரியில்லை என்றால் அடுத்த நிறுவனத்தின் ஆள் கீழே காவலாளியிடம் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருப்பார். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளியில் பதினோரு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயருக்குத்தான் ஜெராக்ஸ். பட்டா, சிட்டா நகல் எடுப்பது, தேர்வுக்கு விண்ணப்பம் போடுவது, மின்கட்டணம் கட்டுவது என்று வருமானத்தில் முக்கால் பங்கு இணையத்தை நம்பித்தான் இருக்கிறது. அது நின்றால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், கருத்துப் பகுதியில் வந்து கேட்காதீர்கள். இன்னொரு நிறுவனத்துக்கு விளம்பரம் செய்ய எழுதுகிறேன் என்று ஒருவர் கிளம்புவார். அவருக்காகத்தான் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

போன மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கடையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். வேலைக்கான தேர்வு ஒன்றுக்கு அன்றுதான் கடைசி நாள். பாதி விண்ணப்பம் நிரப்பியிருந்தபோது திரை சுற்ற ஆரம்பித்தது. திரும்பி மோடத்தைப் பார்த்தேன். லாஸ் என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக எரிந்தது.

இந்த விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபைபர் இணைப்பில் மின்சாரம் வருவதில்லை, ஒளி வருகிறது. அது ஓடும் கண்ணாடி இழையின் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அந்த ஒளி மோடத்துக்கு வந்து சேரவில்லை என்றால்தான் அந்தச் சிவப்பு விளக்கு எரியும். ஒயர் அறுந்திருக்கும், மடங்கியிருக்கும், அல்லது கம்பத்துப் பெட்டியில் இணைப்பு கழன்றிருக்கும். அப்போது மோடத்தை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போடுகிற கதைதான்.

நான் பொறியியல் படித்தவள் இல்லை. பி.ஏ. வரலாறு. பதினோரு வருடமாக அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தால் இதெல்லாம் தானாக வந்துவிடும்.

வெளியே வந்து பார்த்தேன். சாலையோரப் புளியமரத்தில் உலுக்கு நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் தை, மாசியில் இதுதான் காட்சி. மரங்களை ஏலம் எடுத்தவர்களின் ஆட்கள் மேலே ஏறிக் கிளையை உலுக்குவார்கள், எட்டாத இடத்தில் துரட்டி போட்டு இழுப்பார்கள், கீழே பெண்கள் பொறுக்குவார்கள். எங்கள் கடைக்கு வரும் ஒயரை இணைப்புக் கொடுக்க வந்தவர்கள் கம்பத்தில் கட்டாமல் அந்த மரத்துக் கிளையில்தான் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். துரட்டி அதில் மாட்டியிருக்கிறது. ஒயர் இரண்டு துண்டாகத் தொங்கியது.

மேலே இருந்த பெரியவரைக் கேட்டேன். “ஒயரா அது? ஏதோ கொடி என்று இழுத்துவிட்டேன், பாப்பா” என்றார். அவரைத் திட்ட மனம் வரவில்லை. கறுப்பாக, இலைக்குள் புகுந்து போனால் யாருக்கும் கொடியாகத்தான் தெரியும்.

சேவை எண்ணை அழைத்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தி, குறைகளுக்கு மூன்றை அழுத்தி, பதினான்கு நிமிடம் பாட்டுக் கேட்டபின் ஒரு தம்பி வந்தார்.

“மோடத்தை அணைத்துவிட்டு முப்பது விநாடி கழித்துப் போடுங்கள், மேடம்.”

“லாஸ் விளக்கு சிவப்பாக எரிகிறது, தம்பி. ஒயர் அறுந்துவிட்டது.”

“சரி மேடம். ஒருமுறை மோடத்தை அணைத்து...”

“அணைத்துப் போட்டுவிட்டேன். ஒயர் மரத்தடியில் தொங்குகிறது. கண்ணால் பார்த்துக்கொண்டேதான் பேசுகிறேன்.”

“புரிகிறது மேடம். இப்போது விளக்கு பச்சையாகிவிட்டதா?”

இங்கே நான் அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. என் தங்கை மகள் ஓசூரில் இப்படி ஒரு வேலையில் இரண்டு வருடம் இருந்தாள். அவர்கள் முன்னால் ஒரு திரை இருக்கும். ‘மோடத்தை அணைத்துப் போடச் சொன்னீர்களா’ என்ற கட்டத்தில் ஆம் என்று குறித்தால்தான் அடுத்த கட்டம் திறக்குமாம். ‘வாடிக்கையாளர் ஒயரைக் கண்ணால் பார்த்துவிட்டார்’ என்று ஒரு கட்டம் அந்தத் திரையில் கிடையாது. அழைப்பைப் பதிவு செய்து மதிப்பெண் போடுகிறவர், ஒரு படியைத் தாண்டினால் பிடித்துக்கொள்வார். ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: வேறு பதில் அவர்களுக்குத் தெரியும், சொன்னால் மதிப்பெண் போய்விடும்.

அணைத்துப் போடுவதே முட்டாள்தனம் என்றும் நான் சொல்லவில்லை. விளக்கெல்லாம் பச்சையாக இருந்து பக்கம் மட்டும் திறக்காவிட்டால், பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். வெயில் காலத்தில் மோடம் சூடேறித் தடுமாறும், சர்வருடன் இருந்த தொடர்பு அறுந்து ஒட்டாமல் நிற்கும். அப்போது அது நல்ல வைத்தியம்தான். தலைவலிக்குத் தரும் மாத்திரையைக் கால் முறிந்தவனுக்கும் கொடுக்கிறார்களே என்பதுதான் என் கோபம்.

அந்தப் பையனை பஸ் ஏற்றிப் பாலக்கோட்டுக்கு அனுப்பினேன். அங்கே ஒரு கடையில் இரவு எட்டு மணிக்குத்தான் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாம். இணையம் ஒழுங்காக இருந்தும் ஏன் அவ்வளவு நேரம்? படம் 50 கேபியைத் தாண்டிவிட்டது என்று இரண்டு முறை திருப்பியது. சுருக்கிப் போட்டால் தெளிவில்லை என்று திருப்பியது. பிறகு ‘கடைசிப் பெயர்’ கட்டாயம் என்று நின்றது.

இந்தக் கடைசிப் பெயரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நம் ஊரில் யாருக்கு ஐயா கடைசிப் பெயர் இருக்கிறது? அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்று, தன் பெயர் ஒன்று, அவ்வளவுதான். எழுத்தைப் போட்டால் குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்கிறது. புள்ளி வைத்தால் சிறப்புக் குறியீடு கூடாது என்கிறது. அப்பா பெயரையே போட்டால் பிறகு வங்கியில் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வருகிறது. என் கையாலேயே ஒருவரை ‘முருகன் முருகன்’ ஆக்கியிருக்கிறேன்.

ஊர்ப் பெயர் இதைவிட மோசம். எங்கள் பக்கம் பாதி ஊர்கள் ‘அள்ளி’யில்தான் முடியும். மாரண்டஅள்ளி என்று ஒரு பலகையில் இருக்கும், மாரண்டஹள்ளி என்று இன்னொரு பலகையில் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஆதாரில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் ஒரு விதம், மாற்றுச் சான்றிதழில் வேறொரு விதம். கணினிக்கு அவை மூன்று ஊர்கள். மாவட்டமும் அப்படியே. காவேரிப்பட்டணத்தில் 1960-இல் பிறந்த ஒருவர் சேலம் மாவட்டத்தில் பிறந்தார். 1965 அக்டோபரில் தருமபுரி பிரிந்தபோது தருமபுரி மாவட்டத்துக்காரர் ஆனார். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தபோது கிருஷ்ணகிரிக்காரர் ஆனார். வீட்டை விட்டு அவர் நகரவே இல்லை. ‘பிறந்த மாவட்டம் பொருந்தவில்லை’ என்று சிவப்பில் வரும்போது நான் யாருக்கு என்ன விளக்கம் சொல்ல? எதிரில் ஆள் இருந்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார்.

சரி, ஒயருக்கு வருகிறேன்.

அன்று மாலை நான் கடையைச் சாத்திய பிறகு புளியமரத்துப் பெரியவர் ஒரு காரியம் செய்திருக்கிறார். தன்னால் அறுந்ததாயிற்றே என்று மனசு கேட்காமல், இரண்டு முனையையும் இழுத்து நன்றாக முடிச்சுப் போட்டுக் கிளையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். கயிறு என்றால் சரி. மின்சார ஒயர் என்றால்கூட முறுக்கிவிட்டால் ஓடும். கண்ணாடி இழையை எப்படி முடிச்சுப் போடுவது? ஆனால் அவரளவில் அது நியாயம். தவறைச் சரிசெய்துவிட்டுப் போனவர் அந்த எட்டு நாளில் அவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை மதியம் குறுஞ்செய்தி வந்தது: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.’ விளக்கு சிவப்பாகவேதான் இருந்தது. பிறகு விசாரித்ததில் தெரிந்தது இது: ஒரு பையன் பைக்கில் வந்திருக்கிறான். வண்டியை விட்டு இறங்காமல் நிமிர்ந்து பார்த்திருக்கிறான். பெரியவர் போட்ட முடிச்சால் ஒயர் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அறாமல் தெரிந்திருக்கிறது. ‘ஒயர் சரி, கோளாறு வாடிக்கையாளர் இடத்தில்’ என்று போட்டுவிட்டான். புகாரை மூட ஓடிபி வேண்டும். இணைப்பு என் கணவர் பெயரில் இருக்கிறது. அவர் தக்காளி லோடுடன் கோயம்பேட்டில் நின்றுகொண்டிருந்தார். “சார், உங்கள் வீட்டு நெட் விஷயம்” என்று அழைத்து எண்ணைக் கேட்டிருக்கிறான். அவரும், வேலை முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டார். உலகமே ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்கிறது, இங்கே சொல்லாவிட்டால் வேலை நடக்காது!

மறுபடி அழைத்தால் பழைய புகாரைத் திறக்க முடியாதாம். புது எண், புதுக் கணக்கு, முதல் நாளிலிருந்து. அவர்கள் பதிவேட்டில் என் முதல் புகார் இரண்டே நாளில் வெற்றிகரமாகத் தீர்ந்துபோனது. செயலியில் பதிந்தால் சீக்கிரம் நடக்கும் என்று ஒருவர் சொன்னார். கடைக்குள் கைப்பேசிக்கு ஒரு கோடுகூட வராது. மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றுகொண்டு பதிந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேறொருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், கையில் ஒட்டும் இயந்திரம் வைத்திருந்தார். முடிச்சைப் பார்த்தார், சிரித்தார். “யார் அக்கா இந்த வேலையைச் செய்தது?” என்றார். முடிச்சை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனையையும் சீவி, இயந்திரத்துக்குள் வைத்து மின்பொறியில் உருக்கி ஒட்டினார். விளக்கு பச்சையாக இருபது நிமிடம்கூட ஆகவில்லை. முதல் நாளே இவரை அனுப்பியிருந்தால் என்ன என்று கேட்டேன். அந்தச் சுற்று வட்டாரத்துக்கே தானும் அந்த இயந்திரமும் மட்டும்தான், ‘ஒயர் அறுந்தது’ என்று பதிவானால்தான் தன்னை முதலிலேயே அனுப்புவார்கள், உங்கள் புகாரில் ‘வேகம் குறைவு’ என்றுதான் இருக்கிறது அக்கா என்றார். எட்டு நாளில் நான் பேசிய ஏழு பேரில் ஒருவர்கூட நான் சொன்னதை எழுதவில்லை.

உங்கள் நிலைமையும் இதுபோலத்தான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அழைத்தவுடன், அவர் கேட்பதற்கு முன்பே, “அணைத்துப் போட்டுவிட்டேன், லாஸ் சிவப்பு” என்று சொல்லிவிடுங்கள். கோளாறு என்ன என்று பதிந்திருக்கிறார் என்பதை வாசித்துக்காட்டச் சொல்லுங்கள், இதுதான் முக்கியம். புகார் எண்ணை வாங்காமல் வைக்காதீர்கள். விளக்கு பச்சையாகாமல் ஓடிபி கொடுக்காதீர்கள். அறுந்த ஒயரை அன்றே படம் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை, முடிச்சு விழுந்த பிறகு என்னிடம் அத்தாட்சியே இல்லாமல் போயிற்று. புகார் தீராவிட்டால் நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் உண்டு, அதற்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதற்கெல்லாம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தைக் காட்டி 2009-இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மை. 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் போகலாம் என்று சொல்லிவிட்டது.

நான் ஆணையத்துக்கெல்லாம் போகவில்லை. மேல்முறையீட்டோடு நின்றேன். மாத வாடகை 500, அதற்கு வரி 90. எட்டு நாளுக்குக் கணக்குப் போட்டு அடுத்த பில்லில் 133 ரூபாய் கழித்தார்கள். கடையில் போன வருமானம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

ஒட்டிக் கொடுத்தவரிடம், ஒயரைக் கம்பத்தில் கட்டுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். கம்பத்துக்குத் தனி அனுமதி வேண்டுமாம், அது அவர் கையில் இல்லையாம். மறுபடி அதே கிளையில்தான் போட்டுவிட்டுப் போனார். நான் சும்மா இருக்காமல் பழைய சேலையின் சிவப்புக் கரையைக் கிழித்து, ஒயர் நெடுக மூன்று இடத்தில் கட்டிவைத்தேன்.

போன வாரம் உலுக்கு ஆரம்பித்துவிட்டது. அதே பெரியவர்தான். மரம் ஏறும் முன்பே ஓடிப்போய், அந்த ஒயரைத் தொட்டுவிடாதீர்கள் என்று சொன்னேன். மேலே பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, “ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன், பாப்பா” என்றார்.